ஊரறிந்த மணமும் ஏடறிந்த மணமும்

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு ஓரத்தில், கடனீரேரியைத் தழுவி, எதிர்க்கரையான பூநகரிப் பக்கத்துக்குத் தோணிகள் போய்வந்த பழைய இறங்குதுறையாக விளங்கிய கொழும்புத்துறை, 1964ஆம் ஆண்டு மகாசமாதி அடையும் வரை யோகர் சுவாமிகள் வாழ்ந்த ஆச்சிரமத்தினால் சைவ உலகுக்கும், புனித சவேரியார் குருமடத்தினால் கத்தோலிக்க மக்களுக்கும் நன்கு அறிமுகமான ஊராகும். இவ்வூரிலே இன்று கலியாணப் பேச்சு எழும்பினால், சாதகப் பொருத்தம் பார்த்து முடிந்த கையோடு அடுத்த பொருத்தமாகக் கடதாசிப் பொருத்தம் பார்க்கப்படுகின்றது. மாப்பிள்ளை ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ பாரிசிலோ இருப்பாராயின், பெண்ணின் பிறப்புச் சான்றிதழ், அவள் முன்பு விவாகமானவள் அல்லள் என்னும் சான்றிதழ், அவற்றின் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் முத்திரை, அம்முத்திரையை உறுதிசெய்யும் வேறொரு முத்திரை என்றிவ்வாறு நீண்டு செல்லும் பட்டியலைக் கண்டு, “ஊரறிஞ்ச பிள்ளைக்கு இத்தனை அத்தாட்சி எதற்கு?” என்று சலித்துக்கொள்ளாத பெரியவர்கள் குறைவு. அந்தச் சலிப்பு நியாயமானதே. எனினும் அந்தக் கேள்விக்கு விடை காண முயல்வோர் ஏறக்குறைய நானூறு ஆண்டுச் சரித்திரத்தைப் புரட்ட நேரும்.

எந்தத் தேசத்துச் சட்டமாயினும் மணமக்களிடம் கேட்பவை நான்கே கேள்விகள்: நீ யார், உனக்கு வயது வந்துவிட்டதா, நீ வேறொருவருக்கு உரியவனோ உரியவளோ அல்லவே, இம்மணத்துக்கு நீ மனமார உடன்படுகின்றாயா என்பன அவை. பழைய யாழ்ப்பாணத்திலே இக்கேள்விகள் எழவில்லை. எழுமுன்பே ஊர் விடையறிந்திருந்தது. பொன்னுருக்கலுக்கு வந்தவர்களும், பந்தற்கால் நாட்டியவர்களும், கூறை கொடுத்ததையும் தாலி கட்டியதையும் மணமகள் கணவனுக்குச் சோறு படைத்ததையும் கண்டவர்களுமே அந்த மணத்தின் பதிவேடாக இருந்தார்கள். பிற்காலத்தில் ஒரு மணம் வழக்கப்படி நடந்ததா இல்லையா என்று நீதிமன்றத்தில் வழக்காடப்பட்டபோது, ஐயர் வந்தாரா என்பதோடு, வண்ணாரும் அம்பட்டரும் வந்து தத்தம் கடமையைச் செய்தார்களா என்பதும் விசாரிக்கப்பட்டது. இன்றைய கண்ணுக்கு அந்த ஏற்பாட்டிலே சாதிக் கட்டுப்பாட்டின் கொடுமை தெளிவாகத் தெரிகின்றது. அதே வேளையில், எழுத்தில்லாத ஒரு சமுதாயம் சாட்சியத்தை எத்தனை பேர் கையில் பகிர்ந்து வைத்திருந்தது என்பதும் தெரிகின்றது.

இச்சாட்சியத்தை ஏட்டிலே ஏற்றும் வழக்கம் எமக்குக் கடல் வழியாகவே வந்தது. 1563ஆம் ஆண்டு திரெந்து நகரிற் கூடிய கத்தோலிக்கத் திருச்சங்கம், மறைவாக நடக்கும் மணங்களால் விளைந்த குழப்பத்தைத் தடுக்கும்பொருட்டு, மணமக்களின் பெயரை முன்கூட்டியே மூன்று தடவை கோயிலில் அறிவிக்க வேண்டும் என்றும், பங்குக் குருவானவர் முன்பும் இரண்டு மூன்று சாட்சிகள் முன்பும் நடவாத மணம் செல்லாது என்றும் விதித்தது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கைப்பட்டபின் அவர்களுடைய குருமாரோடு இவ்விதியும் இக்கரையேறியது. ஊரார் கூடி அறிந்ததையே கோயிலார் கூவி அறிவித்தார்கள் என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம். புதுமை யாதெனில், அறிந்ததை எழுதி வைத்தமையே.

ஒல்லாந்தர் 1658இல் இடம்பிடித்தபோது அவர்கள் தம்மோடு கொணர்ந்தது இன்னும் கண்டிப்பான சட்டமாகும். ஒல்லாந்து மாகாணத்தில் 1580ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட கட்டளை, தேவாலயத்திலோ அதிகாரிகள் முன்னிலையிலோ மூன்று தடவை பகிரங்க அறிவித்தல் செய்யப்பட்ட பின்னரே மணம் நடத்த வேண்டும் என்று விதித்திருந்தது. இலங்கைக் கரையோரத்திலே ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கும்பனியார் இதனைப் பாடசாலைகள் வாயிலாக நிறைவேற்றினர். ஒவ்வொரு கோயிற்பற்றிலும் இருந்த பள்ளிக்கூடத்து உபாத்தியாயரே ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதியும் தோம்பைப் பராமரித்தார். அவ்வேட்டில் ஏறாத மணத்திற் பிறந்த பிள்ளைக்குச் சொத்துரிமையில் இடர் வரும் என்ற அச்சத்தினால், வீட்டிலே சிவபூசை செய்தவர்கள் தேவாலயத்திலே பெயரளவில் மணமுடித்துக் கொண்டார்கள். கும்பனி ஊழியரும் இக்கட்டுக்குத் தப்பவில்லை. உள்ளூர்ப் பெண்ணை மணக்க விரும்பிய ஐரோப்பியன் மேலதிகாரத்தின் அனுமதியைப் பெற வேண்டியதோடு, மணமகள் ஞானஸ்நானம் பெற்றவளாகவும் இருக்க வேண்டியிருந்தது. வேற்று நாட்டிலே மணமுடிப்பதற்கு அரச அனுமதி வேண்டும் என்ற நிபந்தனையை இம்மண்ணிலே முதலில் அனுபவித்தவர்களுள், வெளியிலிருந்து இங்கு வந்த அந்த ஊழியர்களும் அடங்குவர் என்பது நினைக்கத்தக்கது.

எனினும் ஒல்லாந்தரே யாழ்ப்பாணத்தின் வழக்கத்தை எழுத்தில் நிலைநிறுத்தியவர்களுமாவர். ஆளுநர் கோர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் பணித்தபடி, நெடுங்காலம் இங்கே உத்தியோகம் பார்த்துப் பழகிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த வழமைகள், தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலிமாரால் சரிபார்க்கப்பட்டு, 1707இல் தேசவழமைச் சட்டமாக வெளிவந்தன. அச்சட்டம் மணக் கிரியையைப் பற்றிப் பேசியதிலும், மணத்தோடு கைமாறும் சொத்தைப் பற்றியே விரிவாகப் பேசியது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்று பகுப்பும், பெற்றோர் எழுதிக் கொடுக்கும் சீதன ஓலையும் அதன் நடுநாயகம். ஆகவே யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் எழுத்துக்கு அந்நியர் அல்லர். மணத்தை எழுதாமல் விட்டவர்களும் சீதனக் காணியை எழுதாமல் விட்டதில்லை.

பிரித்தானியர் காலத்திலே கட்டுகள் ஒருபுறம் தளர்ந்து மறுபுறம் இறுகின. 1806ஆம் ஆண்டு ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட் பிறப்பித்த பிரமாணம், 1795 ஆகத்து 26ஆம் திகதி முதல் தம் சமய முறைப்படி மணந்த கத்தோலிக்கரின் விவாகங்களைச் செல்லுபடியாக்கியது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணம் தேசவழமைக்கு முழு வலுவளித்தது. 1847ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் பதிவை வலியுறுத்தியது. பல திருத்தங்களுக்குப் பின், 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டம் இன்றுவரை நிலைத்திருக்கும் முறையை அமைத்தது. வழக்கப்படி நடந்த மணம் பதியப்படாமையால் மட்டும் செல்லாததாகிவிடாது. ஆயினும் பதிவே அதற்குத் தலைசிறந்த சாட்சியம் என்ற நடுவழி அங்கே தெளிவாயிற்று. பழைய சட்டம் ஆணுக்குப் பதினாறும் பெண்ணுக்குப் பன்னிரண்டும் போதும் என்றிருந்தது. அது 1995இலேதான் இருபாலார்க்கும் பதினெட்டாக உயர்ந்தது.

இச்சட்டத்தின் வழியாகவே ‘எழுத்து’ என்னும் சடங்கு எமது கலியாணத்தில் ஒரு படியாக அமைந்தது. விசேட அனுமதி பெற்றுக்கொண்டால் பதிவாளரே வீட்டுக்கு வருவார். விறாந்தையிலே மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, மணமக்களை இருத்துவார்கள். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இடையில், கதவுகள் திறந்திருக்க, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் இது நடைபெற வேண்டும் என்பது சட்டத்தின் வாக்கு. பெரிய ஏட்டைப் பிரித்துப் பெயர், வயது, தொழில், வசிப்பிடம், தகப்பன் பெயர், முன்பு விவாகமானவரா இல்லையா என்ற கூடுகளை நிரப்பிய பின்னர், பதிவாளர் எழுந்து நின்று, வேறு கிரியை எதுவும் நடைபெறாவிடினும் இப்பொழுதே நீங்கள் கணவனும் மனைவியுமாகின்றீர்கள் என்றும், ஒருவர் உயிரோடிருக்க, நீதிமன்றம் பிரிக்காதிருக்க, மற்றவர் மறுமணம் செய்வது குற்றமாகும் என்றும் சட்டம் விதித்த வாசகத்தைச் சொல்வார். தாலி ஏறுவதற்கு மாதங்கள் கிடந்தாலும் சட்டத்தின் கண்ணில் மணம் அந்தக் கணமே முடிந்துவிடுகின்றது. ஊரோ அன்றிரவும் பெண்ணைத் தாய் வீட்டிலேயே வைத்திருக்கும். “எழுத்து முடிஞ்சுதோ, கலியாணம் எப்ப?” என்று கேட்பவரின் வினாவிலே இரண்டு நியாயத்தலங்கள் அடுத்தடுத்து வீற்றிருக்கின்றன.

திறந்த கதவு என்ற விதியின் கருத்தை ஆராய்ந்தால், அது வெறும் அலங்காரம் அன்று, மறைவான மணத்தைத் தடுக்கும் ஏற்பாடு என்பது புலப்படும். இதே நோக்கத்தோடு இங்கிலாந்திலே 1753ஆம் ஆண்டு ஹார்ட்விக் பிரபுவின் சட்டம், பகிரங்க அறிவித்தலோ அனுமதிப்பத்திரமோ இன்றிச் செய்யும் மணங்களை விலக்கியது. உடனே பெற்றோர் சம்மதம் கிடையாத காதலர், அச்சட்டம் செல்லாத ஸ்கொத்லாந்துக்கு ஓடி, எல்லையோரக் கிராமமாகிய கிரெற்னா கிறீனிலே மணமுடித்துத் திரும்பினர். இதிலிருந்து எழுந்த சிக்கலை நீதிமன்றங்கள் மெல்ல மெல்ல ஒரு கோட்பாட்டால் அவிழ்த்தன: மணத்தின் முறைக்கு அது நடந்த தேசத்தின் சட்டமும், மணக்கும் தகுதிக்கு அவரவர் நிலையாக வாழும் தேசத்தின் சட்டமும் பொருந்தும் என்பதே அக்கோட்பாடு. இறந்த மனைவியின் தங்கையை 1850இல் அக்காலத்துத் தென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட ஊரொன்றிலே மணந்த ஆங்கிலேயர் ஒருவரின் விவாகம், அவ்விடத்துச் சட்டத்துக்கு முற்றும் ஒத்ததாயிருந்தும், இங்கிலாந்திலே செல்லாது என்று பிரபுக்கள் சபை 1861இல் தீர்ப்பளித்தது. யாழ்ப்பாணத்திலே குழந்தைகளின் நன்மை கருதி ஊரே பேசிச் செய்துவைத்த அத்தகைய மணத்தை இங்கிலாந்து 1907இலேதான் தன் நாட்டவர்க்கு அனுமதித்தது என்பது, தகுதி என்பது தேசத்துக்குத் தேசம் எவ்வளவு மாறுகின்றது என்பதற்கு நல்ல உதாரணமாகும். பிற நாட்டில் மணமுடிப்போரிடம் இன்று கேட்கப்படும் தடையின்மைச் சான்றிதழ், இக்கோட்பாட்டின் பிள்ளையே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலிருந்து யாழ்ப்பாணத்து வாலிபர் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் பொதுவேலைப் பகுதிக்கும் எழுதுவினைஞராகவும் மேற்பார்வையாளராகவும் சென்றபோது, கடல் கடந்த சம்பந்தம் எமக்குப் பழகிய விஷயமாயிற்று. ஆயினும் அக்காலத்தில் கடல் கடந்தது மாப்பிள்ளையே; கலியாணம் ஊரிலேதான் நடந்தது. நீண்ட லீவில் வந்து, பெண் பார்த்து, எழுத்தும் தாலிகட்டும் முடித்து, மனைவியைக் கப்பலேற்றிக் கொண்டுபோவதே வழமை. கோலாலம்பூரில் யாழ்ப்பாணத்தார் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும், சிங்கப்பூரில் சிலோன் ரோட்டிலுள்ள செண்பக விநாயகர் கோயிலும் பின்பு மணங்களுக்கும் இடமாயின. வழக்கப்படி செய்த இந்து மணத்தை அந்நாடுகள் நெடுங்காலம் பதிவு கேளாமலே ஏற்றன. சிங்கப்பூரிலே 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனமும், மலேசியாவிலே 1976இல் நிறைவேறி 1982 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விவாகச் சட்டமும் ஒருதார மணத்தையும் பதிவையும் முஸ்லிமல்லாதார்க்கு விதியாக்கின. கோயிலில் மாலை மாற்றுமுன் பதிவேட்டில் ஒப்பமிடும் இன்றைய வழக்கத்தின் வேர் அங்கேயுள்ளது.

1983இல் இனக்கலவரமும் யுத்தமும் மூண்டு, எமது வாலிபர் மேற்கு நாடுகளிலே தஞ்சம் புகுந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. அகதி அந்தஸ்துப் பெற்றவன் தான் அஞ்சி விட்டோடிய நாட்டுக்குத் திரும்பினால் அந்த அந்தஸ்தையே இழக்க நேரிடும். ஆதலால் மாப்பிள்ளை ஊருக்கு வரமுடியாது, விசா இல்லாமையால் பெண் அவன் நாட்டுக்குப் போகமுடியாது. இருவரும் தமக்குச் சொந்தமல்லாத மூன்றாவது தேசமொன்றிலே சந்திக்கலாயினர். சென்னையும் திருச்சியும் சிங்கப்பூரும் இவ்வாறே எமது குடும்பங்களின் கலியாண ஊர்களாயின. கிளாலிக் கடனீரேரியை இரவிலே படகிற் கடந்து, வவுனியாவிலே பயண அனுமதியான ‘பாஸ்’ பெற்று, கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜில் மாதக்கணக்கில் தங்கி, பின்பு விமானமேறிய மணமகள், அந்த மூன்றாம் நாட்டுச் சட்டத்துக்கும் முகங்கொடுக்க வேண்டியிருந்தது. இந்தியாவின் 1954ஆம் ஆண்டு விசேட விவாகச் சட்டம், மணமக்களுள் ஒருவரேனும் அம்மாவட்டத்தில் முப்பது நாள் தங்கியிருக்க வேண்டும் என்றும், அறிவித்தல் ஒட்டிய பின் முப்பது நாள் காத்திருக்க வேண்டும் என்றும் கேட்கும். சில வார லீவில் வந்தவனுக்கு இது எட்டாத காரியம். தமிழ்நாட்டில் நடைபெறும் மணங்களைத் தொண்ணூறு நாளுக்குள் பதிதல் வேண்டும் என்னும் விதி 2009இல் வந்தது.

மாப்பிள்ளை வாழும் நாட்டிலேயே மணம் நடந்தால் வேறு வகையான கணக்கு. பிரான்சிலே 1792 முதல் விவாகம் நகரசபையின் காரியம். நகரபிதாவின் மண்டபத்திலே பெயர் பத்து நாள் ஒட்டப்பட்டு, அங்கே மணம் முடிந்தபின்பே சமயச் சடங்கு நடத்தலாம். செர்மனியிலும், 2009 பிறக்கும் வரை, பதிவகத்துக்கு முந்திக் கோயிலிலே தாலி கட்டுவது சட்டத்துக்கு மாறாயிருந்தது. சுவிற்சர்லாந்து 2011 முதல், சட்டபூர்வமாகத் தங்கும் உரிமையைக் காட்டாத அந்நியர்க்கு மண்டபக் கதவையே சாத்திவிட்டது. இங்கிலாந்திலே விவாகத்துக்கென்று பதியப்படாத கட்டடத்தில் எத்தனை வேதமந்திரம் ஓதினாலும், பதிவாளர் முன் தனியே ஒப்பமிடாவிடின் அது சட்டத்துக்கு மணமாகாது. அங்கு கொடுக்க வேண்டிய அறிவித்தல் 2015 முதல் இருபத்தெட்டு நாளுக்கு உரியது.

மணம் சட்டப்படி முடிந்தாலும் மணமகளுக்கு விசா கிடைத்துவிடுவதில்லை. மணத்தின் பிரதான நோக்கம் குடியேறுவதே அன்று என்று நிரூபிக்கும் பாரத்தை இங்கிலாந்து 1980களில் மணமக்கள் தலையில் ஏற்றியது. அவ்விதி 1997இலேதான் கைவிடப்பட்டது. கனடா 2015 சூன் முதல், பதிலாள் நின்றும் தொலைபேசியிலும் செய்த மணங்களைக் குடிவரவுக்கு ஏற்பதில்லை. இந்தச் சந்தேகத்துக்கு விடையாகவே எமது கலியாண அல்பங்கள் பருத்தன. தாலி கட்டும் படம், மெட்டி அணியும் படம், இருபக்கத்துச் சபையோர் நிற்கும் படம், விருந்துண்ணும் படம், அச்சிட்ட அழைப்பிதழ், தொலைபேசிக் கட்டணச் சிட்டை எல்லாம் விண்ணப்பத்தோடு இணைக்கப்பட்டன. படத்திலே மாமன் இல்லையே, சபையிற் கூட்டம் குறைவாயுள்ளதே என்று தூதரக அதிகாரி கேட்டால், போர்க்காலத்தில் உறவினர் வரமுடியாமற் போன கதையைப் பெண் விளக்க வேண்டும். யுத்தத்தின் நிழலிலே நடைபெற்ற இத்தகைய மணங்களை ஆராய்ந்து மானிடவியலாளர் சிதார்த்தன் மௌனகுரு 2019இல் நூலொன்று வெளியிட்டார். முன்பு வண்ணாரையும் அம்பட்டரையும் சாட்சிக் கூண்டிலேற்றி நீதிபதி கேட்ட கேள்வியும், பின்பு அல்பத்தைப் புரட்டிக்கொண்டு அதிகாரி கேட்ட கேள்வியும் ஒன்றே என்பதை இங்கே கவனிக்க வேண்டும்: யார் யார் வந்தார்கள், ஊர் கண்டதா?

கேட்பவன் தூரத்தில் இருக்க, சொல்லவேண்டிய ஊர் சிதறிப்போயிற்று. சுண்டிக்குளிக்கு அணித்தான பழைய கச்சேரிக் கட்டடம் யுத்தத்தில் இடிந்தது. ஏடுகள் அழிந்தும் தவறியும் போனவர்கள், வயதுக்கும் பிறப்புக்கும் மாற்றுச் சான்றிதழ் தேடி அலைந்தார்கள். பதிவாளர் நாயகம் திணைக்களம் ஏடுகளைத் தேடிப் பார்த்து, இன்னாரின் விவாகப் பதிவு காணப்படவில்லை என்று எழுதிக் கொடுக்கும். வழக்கப்படி மட்டும் நடந்த மணம் அவ்வேட்டில் அகப்படாதாகையால், அந்தக் குறையை நிரப்பக் கிராம சேவையாளரின் கடிதமும் பெற்றோரின் சத்தியக் கடதாசியும் கேட்கப்படுவதுண்டு. எத்தனை முத்திரை குத்தினாலும் கடைசியில் அரசு ஊரைத் தெரிந்த ஒருவரிடமே வந்து நிற்கின்றது.

கடல் கடந்த மணம் அங்கேயே தங்கிவிடுவதுமில்லை. காணியின் வழியாக அது கொழும்புத்துறைக்குத் திரும்புகின்றது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட ஆடவனை மணக்கும் பிற பெண், அம்மணம் நிலைக்கும் வரை தேசவழமைக்கு உட்படுகின்றாள். தேசவழமைக்கு உட்பட்ட பெண் வெளியாரை மணந்தால் அதனின்று நீங்குகின்றாள். மேலும், அச்சட்டத்துக்குட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். ஆகவே கனடாவில் வாழும் மகள் தன் சீதனக் காணியை விற்க முனையும்போது, எங்கே, யாரை, எந்தச் சட்டப்படி மணந்தாள் என்ற கேள்வி நொத்தாரிசின் மேசையில் மீண்டும் எழுகின்றது. மணநாளிலே வெறும் சம்பிரதாயமாகத் தோன்றிய வெளிநாட்டுச் சான்றிதழ், கணவனின் கையொப்பமும் அற்றோணித் தத்துவமும் சேர, அப்போது காணியுறுதியோடு வைத்துப் பார்க்கப்படுகின்றது.

ஐயம் ஒருபக்கத்தது மட்டுமன்று. 2022 சனவரி முதல், இலங்கையரை இங்கே மணக்க விரும்பும் வெளிநாட்டவர் பாதுகாப்பு அமைச்சின் தடையின்மை அறிக்கையைப் பெறவேண்டும் என்று பதிவாளர் நாயகம் சுற்றறிக்கை விடுத்தபோது, வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு ஊருக்குத் திரும்பி வந்து மணக்க நினைத்த எமது பிள்ளைகளும் அந்தப் பெயர்க்குள் அடங்கினர். கும்பனியின் அனுமதியை ஒருகாலத்தில் அந்நியன் பெற்றான். 2022இல் ஊரிலே பிறந்தவனும் அரசின் அனுமதியைப் பெறவேண்டியவனானான்.

இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்கும்போது, சான்றிதழ் கேட்கும் அரசுகளை முற்றாகப் பழிப்பதும் சரியன்று, முற்றாகப் புகழ்வதும் சரியன்று. ஊரின் சாட்சியம் பரிவுடையது. ஆனால் வயதுக்கு வராத பெண்ணின் மணத்தையும், முதல் மனைவி இருக்க நடந்த இரண்டாம் மணத்தையும், பெண்ணின் விருப்பைக் கேளாமற் செய்த மணத்தையும் கண்டும் காணாமல் விட்டதும் அந்த ஊரே. ஏட்டின் சாட்சியம் பரிவற்றது. ஆனால் கைவிடப்பட்ட மனைவி வேற்று நாட்டு நீதிமன்றில் ஏறி நிற்கும்போது அவள் கைப்பிடிப்பது அந்த ஏட்டையே. உடன்பாடு உண்டா என்ற நான்காவது கேள்வியை ஊர் பெரும்பாலும் பெண்ணின் தகப்பனிடமே கேட்டது. பதிவாளர் அதனைப் பெண்ணிடமே கேட்கின்றார். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவேனும், கடல் கடந்து பெண் கொடுக்கும் குடும்பங்கள் எழுத்தைக் கடைசி நாளின் அவசரத்துக்கு விடாமல், தாலிக்குப் பொன்னுருக்கும் அதே சிரத்தையோடு முதலில் ஒழுங்குசெய்வது தக்கது.